அக்கா ஏன் நின்னு நின்னு வாரா?

“படம் மட்டும் வழுக்கிட்டுப் போகுது. உங்க அக்கா மட்டும் ஏன் நின்னு நின்னு வாரா?”

அம்மா இதைக் கேட்டது போன கார்த்திகையில், ராத்திரி ஒன்பது மணிக்கு. அதுவரை டிவியில் யூடியூபைப் போட்டு ஏதோ ஒரு பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு திக்கல் இல்லை. டொரொன்டோவிலிருந்து அக்கா வீடியோ காலில் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டுப் போனை வாங்கினாள். இரண்டே நிமிடம். அக்காவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே உறைந்துபோனது.

மற்ற வீடுகளில் இது சின்ன எரிச்சல். அம்மாவுக்கு நாலைந்து வருடமாகக் காது மந்தம். மெஷின் மாட்டினாலும் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பாள். அன்று அக்கா என்னவோ சொன்னாள், அம்மா தலையாட்டி, “நல்லதும்மா, சந்தோஷம்” என்றாள். பத்து நிமிடம் கழித்து அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். டாக்டர் இனி படுத்தே இருக்கச் சொல்லிவிட்டாராம். “அதுக்கு அம்மா சந்தோஷம்ங்கிறாடா” என்று சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் முதலில் செய்தது முட்டாள்தனம். 100 எம்பிபிஎஸ் இணைப்பை 200க்கு மாற்றினேன். ஸ்பீடு டெஸ்ட் 190க்கு மேல் காட்டியது. அக்கா அப்படியேதான் உறைந்தாள். அந்த டெஸ்ட் சர்வரும் பெரும்பாலும் நம் கம்பெனியின் நெட்வொர்க்குக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கும் என்பது அப்போது தெரியாது. வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடுவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கனடா வரை ரோடு நல்லாயிருக்கு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் பிங் போட்டுப் பார்த்தேன். யூடியூப் படம் வருகிற சர்வருக்குப் போய்த் திரும்ப 7 மில்லிசெகண்ட். டொரொன்டோவில் ஒரு சர்வருக்கு 260. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அந்தக் கணக்கில் 7 மில்லிசெகண்டில் போய் வருகிற இடம் 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவே முடியாது. அமெரிக்காவில் எங்கோ இருந்து வருவதாக நான் நினைத்த படம் கோவில்பட்டிக்குப் பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது.

லைன் பார்க்க வரும் தம்பியிடம் கேட்டேன். “மதுரைல நம்ம ரேக்குலயே கூகுள் கேஷ் இருக்குண்ணே” என்றான். அம்மா காதில் கேஷ் மட்டும் சரியாக விழுந்தது. “எவ்வளவு கேக்கான்?” என்றாள்.

இந்தக் கேஷ் வேறு. பலர் கேட்கிற சரக்கை ஒருமுறை மொத்தமாக வாங்கி, கேட்பவர்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. தெருமுனைப் பெட்டிக்கடை செய்கிற அதே வேலை. நம் பிரவுசரும் ஒரு தளத்தின் படங்களை, எழுத்துருக்களை இப்படி எடுத்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டாம் முறை போகும்போது பக்கம் சட்டென்று திறக்கிறது. ஒரு காலத்தில் இணைய நிறுவனங்களே ஸ்க்விட் மாதிரி மென்பொருளைப் போட்டு, வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் பொதுவாகப் பக்கங்களைச் சேமித்தன. ஹெச்டிடிபிஎஸ் பரவியதும் நடுவில் இருப்பவர் உறையைப் பிரிக்க முடியாமல் போனது. அதனால் சரக்குக்காரர்களே பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் போதிய கூட்டம் இருக்கிற இணைய நிறுவனங்களுக்கு இதைக் காசு வாங்காமலே தருகின்றன. நெட்ஃபிளிக்ஸ் பெட்டிகள் கூட்டம் குறைந்த நேரத்தில், நாளை யார் எதைக் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டு நிரப்பப்படுகின்றன. விடியுமுன்னே மார்க்கெட்டில் காய்கறி லாரி வந்து இறங்குவது மாதிரி.

பிரதிகளை உலகம் முழுக்கப் பரப்பி வைப்பதைத் தொழிலாக்கியவர்களில் ஒருவர் டேனியல் லெவின். எம்ஐடி மாணவர். தன் ஆசிரியர் டாம் லெய்டனோடு 1998இல் அகமாய் கம்பெனியைத் தொடங்கினார். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத்தில் மோதிய முதல் விமானத்தில் இருந்தார், வயது 31. அன்று உலகமே செய்தித் தளங்களுக்கு ஓடியது. கூட்டம் தாங்காமல் திணறிய தளங்களைத் தாங்கிப் பிடித்ததில் அவர் கம்பெனி சர்வர்களுக்கும் பங்குண்டு. இதைப் படித்த ராத்திரி எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இதற்குள் பிடிபட்டுவிட்டது. படத்தை ஊரே கேட்கிறது, அதனால் மதுரையில் இருக்கிறது. அக்காவைக் கேட்பது ஒரே ஒரு வீடு. அதுவும் அவள் இன்னும் சொல்லாத வார்த்தையை. அதை முன்கூட்டியே வாங்கி வைக்க எந்தப் பெட்டியாலும் முடியாது. 13,000 கிலோமீட்டருக்கு மேல் தாண்டித்தான் வரணும். படம் அடுத்து வரப்போகும் காட்சிகளை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்வதால் நடுவில் லைன் தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. உரையாடலில் அந்தச் சலுகை கிடையாது. தவறின துண்டு பிறகு வந்து சேர்ந்தாலும் அதற்குள் பேச்சு நகர்ந்துவிடும்.

கொஞ்ச நாள் அந்தப் பெட்டி மேலேயே எனக்குக் கடுப்பு. ஊருக்கெல்லாம் சினிமா வழுக்குது, என் அம்மாவுக்கு மக கிடைக்கலை. தம்பிதான் திருத்தினான். “பாக்ஸ் வர்றதுக்கு முந்தி அவ்வளவு படமும் வெளி லைன்லதாண்ணே வந்துச்சு. இருந்திருந்தா அக்காவுக்கு இந்த இடமும் கிடைச்சிருக்காது.” சொல்லிவிட்டு எங்கள் ரவுட்டரைத் தேடினான். அது பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இரும்பு பீரோ. வைஃபை விட்டு விட்டு வந்ததைப் படம் இத்தனை நாளாக மறைத்திருக்கிறது, கால்தான் காட்டிக்கொடுத்தது.

இடையில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பேசி ரெக்கார்டு பண்ணி அனுப்புவாள். உதடு பளிச்சென்று தெரியும். அம்மா பத்துத் தடவை போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். “இது நேத்தைய அவ. கால் வீங்கியிருக்கான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டா.”

ரவுட்டரைக் கூடத்து ஆணியில் மாட்டினோம். தெருவே லைனில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது மணியை விட்டுவிட்டு, காலால் காலை ஆறு மணிக்கு மாற்றினோம். அக்காவுக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி ஏழரை. 200ஐ மறுபடி 100 ஆக்கினேன். 260 குறையவில்லை, குறையவும் போவதில்லை. ஆனால் முகம் உடைவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

மாசியில் ஒருநாள் காலை அக்கா போனைத் தொட்டில் பக்கம் திருப்பினாள். குழந்தை கொட்டாவி விட ஆரம்பித்ததும் படம் நின்றது. நான் போனை வாங்கப் போனேன். “இரு, வரும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, திறந்தபடி நின்ற அந்த வாயையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.