பாரில் சுற்றிய துண்டு

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். காலையில் ஒரு டவுன் பஸ். அது வந்தால் வந்தது. மைலுக்கு ஒரு ஆரம்பப் பள்ளி, ஐந்து மைலுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி என்று காமராசர் காலத்தில் கணக்குப் போட்டார்கள். அந்தத் தூரத்தைப் பையன்கள் எப்படியோ கடந்துவிட்டார்கள். அக்கா ஐந்தாவதோடு நின்றுபோனாள். "வயசுக்கு வரப்போற பிள்ளைய காட்டு வழியில அனுப்பிட்டு, வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கவா?" என்று அப்பத்தா கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை.

பதில் 1991-இல் சைக்கிளில் வந்தது. எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்கப் பரவிய நேரம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கப் பழகுகிற பெண்கள் சைக்கிளும் பழக வேண்டும் என்று அதையும் இயக்கத்தில் சேர்த்துவிட்டார். கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த அம்மா, பொழுது சாய்ந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவாள். சின்னம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். டீக்கடை பெஞ்சு மொத்தமும் சிரிக்கும். முட்டியில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து, மறுநாளும் போவாள். 1992 மகளிர் நாளன்று 1,500 பெண்களுக்கு மேல் கைப்பிடியில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள்.

அந்த ஜூனில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன்.

லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காத காலம் அது. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு, அதுதான் வசதி என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள். சீட்டிலிருந்து கைப்பிடி வரை போகும் அந்தப் பாரில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா! புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையும் குறித்திருக்கிறார். அவர் பார்த்து எழுதியதை நான் உட்கார்ந்து பார்த்தவள்.

அம்மா ஒரு பழைய துண்டை நாலாக மடித்துப் பாரில் சுற்றுவாள். கிழிந்த டியூபை நாடா மாதிரி அறுத்து அதன்மேல் இறுக்கிக் கட்டுவாள். நான் ஒருக்களித்து உட்கார்ந்து கைப்பிடியின் நடுவில் பிடித்துக்கொள்வேன். "காலை உள்ள இழு, கம்பியில சிக்கிரும்." "பள்ளம் வருது, கெட்டியாப் பிடிச்சுக்க." அம்மாவின் மூச்சு உச்சந்தலையில் சுடும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பேச்சு நிற்கும். இறக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும். அம்மா என்னிடம் அவ்வளவு பேசியது அந்தப் பாதையில்தான். வீட்டில் அவளுக்கு ஏது நேரம்?

அரைப் பரீட்சை லீவில் நானும் குரங்குப் பெடல் பழகினேன். சட்டத்துக்குள் ஒரு காலை நுழைத்து, உடம்பைக் கோணிக்கொண்டு ஓட்டும் ஓட்டம். அடுத்த வருடம் நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து போனோம். நாலு சைக்கிள், மூன்று பேர் நடை, ஒரு மூன்று சக்கர வண்டி. யார் ஓட்டுவது, யார் நடப்பது என்று பனைமரத்துக்குப் பனைமரம் மாற்றிக்கொள்வோம். முந்திரிப்பழம் தின்று தொண்டை கரகரக்க வகுப்புக்குள் நுழைவோம்.

மூன்று சக்கர வண்டி, போலியோவில் கால் சூம்பிப்போன தோழியுடையது. கையால் பெடல் சுற்றி ஓட்டுவாள். கண்மாய்க்கரை ஏற்றத்தில் சைக்கிள்களைப் போட்டுவிட்டு எல்லோரும் அவளைத் தள்ளுவோம். அதற்குக் கூலியாக ஏழு பேரின் பையையும் அவள்தான் சுமந்து வருவாள். கரை தாண்டிய இறக்கத்தில் பைகளின் கனத்தோடு சர்ரென்று இறங்கி எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்விடுவாள். பள்ளிக்கூட வாசலில்தான் அவள் வண்டி நின்றுபோகும். மூன்று படி, சாய்தளம் கிடையாது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவோம். ஆறு கிலோமீட்டரைத் தன் கையாலேயே ஓட்டி வந்தவளுக்கு, அந்த மூன்று படியில்தான் முகம் வாடும்.

இப்போது திருச்சியில் இருக்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளி இரண்டரை கிலோமீட்டர். காலை ஏழு பத்துக்கு வேன் ஹாரன் அடிக்கிறது. தெருத்தெருவாகச் சுற்றிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு அது பள்ளிக்குப் போய்ச் சேர எட்டாகிவிடுகிறது. சைக்கிளில் பதினைந்து நிமிட வழிக்கு ஐம்பது நிமிடம். ஒருநாள் வேன் வரவில்லை. "வழி சொல்லு, வண்டியில கொண்டுபோய் விடறேன்" என்றேன். மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு வருடமாகப் போய்வருகிற வழி.

குறை அவளுடையதில்லை. நடைபாதை இருக்கிற இடத்தில் பைக் நிற்கிறது, இல்லாத இடத்தில் சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது. எதிரில் டிப்பர் லாரி. அப்பத்தா வயிற்றில் கட்டிக்கொண்ட நெருப்பு இப்போது என் வயிற்றில். அவள் காட்டுக்குப் பயந்தாள், நான் ரோட்டுக்குப் பயப்படுகிறேன். பயத்தில் என்ன வித்தியாசம்? அவள் பயத்துக்கு ஊர் கூடி ஒரு வழி கண்டது. என் பயத்துக்கு நான் தனியாக மாதக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நாலு நிமிட நடையில் ஆரம்பப் பள்ளி இருக்கிற எங்கள் ஊருக்குள்ளும் டவுனிலிருந்து மஞ்சள் வேன் வருகிறது. ஆனால் சாயங்காலம் ஆலங்குடி ரோட்டில், அரசு கொடுத்த சைக்கிள்களில் பிளஸ் டூ பெண்கள் ரோட்டை அடைத்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். பின்னால் பைக்கில் வந்தவர் ஹாரன் அடித்தும் கலையவில்லை. 2001 வாக்கில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. சைக்கிள் கொடுக்க முடிந்த நமக்கு அது ஓட ஓர் ஓரம் ஒதுக்க முடியாதா? பள்ளி தொடங்கும், விடும் அரை மணி நேரம் அந்தத் தெருவில் லாரியை நிறுத்தி வைக்க முடியாதா? மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட எத்தனை மூட்டை சிமெண்டு ஆகும்?

அம்மாவுக்கு இப்போது முட்டி வலி. சைக்கிள் திண்ணை ஓரத்தில் சாய்ந்து நிற்கிறது. துண்டு எப்போதோ போய்விட்டது; டியூப் நாடா மட்டும் பாரில் ஒட்டிப்போய்க் கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் பள்ளி வரை நடந்து பார்த்தோம். முப்பத்தைந்து நிமிடம். வழியில் ஒரு பஞ்சர் கடை, இரண்டு நாவல் மரம், ஏழு நாய் என்று எண்ணினாள். எங்கள் தெருவில் அதே வேனில் போகிற பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பெற்றோரில் ஒருவர் முறைவைத்து ஐந்து பேரையும் நடத்திக் கூட்டிப்போவது என்று பேசியிருக்கிறோம். முதல் முறை என்னுடையது. உங்கள் தெருவிலும் நாலு பிள்ளைகள் இருப்பார்கள். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை நடந்து பாருங்கள்.