ஆறு மணித்தியாலம் விழ வேண்டும்

போன மாதம் தமிழ்ப் பள்ளி விழாவில் ஒரு தங்கச்சி என்னிடம் வந்து கேட்டாள்: "அண்ணா, நீங்கள் பிளேனில் இருந்து குதிக்கிறீங்களாமே. அதைப் படிப்பிக்கிற ஆளா வர என்ன படிக்க வேணும்?" அவளுக்குப் பதினாறு வயது. அம்மா அப்பாவுக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டாள். இரண்டு வசனத்தில் பதில் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு யோசித்தால் அது சரியான பதில் இல்லை. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் எண்கள். நான் பொறியியல் படித்தவன், எண்கள் இருந்தால்தான் எனக்கு விளங்கும். சுவிஸில் இந்த விளையாட்டைப் பார்க்கிற சங்கம் 'சுவிஸ் ஸ்கைடைவ்'. அது சுவிஸ் ஏரோ கிளப்போடு சேர்ந்தது. விதிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். உலகம் முழுக்க எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பது அமெரிக்கச் சங்கமான யூ.எஸ்.பி.ஏ.யின் எண்களை. அங்கே நான்கு லைசன்ஸ்கள் இருக்கின்றன. ஏ லைசன்ஸுக்கு 25 குதிப்புகள், பி-க்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500.

படிப்பிக்கிற பக்கம் போக வேண்டும் என்றால் முதல் படி 'கோச்'. அதற்கு 18 வயது, பி லைசன்ஸ், 100 குதிப்புகள் வேண்டும். கோச் முழுப் பயிற்றுநர் இல்லை, உதவி செய்கிறவர். முழுப் பயிற்றுநருக்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று டான்டம். முன்னால் ஒருவரைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார்களே, அதுதான். அதற்கு டி லைசன்ஸ், 500 குதிப்புகள், இந்த விளையாட்டில் மூன்று வருடம், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். மற்றது ஏஎஃப்எஃப். மாணவர் தன்னுடைய பரசூட்டோடு குதிப்பார். முதல் குதிப்புகளில் இரண்டு பயிற்றுநர்கள் இரண்டு பக்கமும் அவரைப் பிடித்தபடி சேர்ந்து விழுவார்கள். அந்தப் பயிற்றுநருக்கு சி லைசன்ஸும் கோச் தகுதியும் போதாது. ஆறு மணித்தியாலம் விழுந்திருக்க வேண்டும்.

ஆறு மணித்தியாலம் தானே என்று நினைக்காதீர்கள். 4000 மீட்டரில் குதித்தால் பரசூட் திறக்கும்வரை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் விழுவோம். ஒரு குதிப்புக்கு 55 செக்கன் என்று வையுங்கள். ஆறு மணித்தியாலம் என்றால் 21,600 செக்கன். பிரித்தால் கிட்டத்தட்ட 400 குதிப்புகள். நான் ஓல்டனில் இருக்கிறேன். இலையுதிர் காலம் வந்தால் ஆறே ஓரமாக மூடுபனி இறங்கி மதியம் வரைக்கும் விலகாது. மேகமும் காற்றும் விடுகிற நாட்களில் மட்டும்தான் குதிக்கலாம். எத்தனையோ சனிக்கிழமை தளத்துக்குப் போய் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். மாஸ்டர்ஸ் பட்டத்தை இரண்டு வருடத்தில் எடுத்தேன். இந்த ஆறு மணித்தியாலம் அதைவிட நீளம்.

எண்கள் முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கும். ஏஎஃப்எஃப் பயிற்றுநர் தேர்வில் அனுபவமுள்ள ஒருவர் 'மோசமான மாணவராக' நடிப்பார். வேண்டுமென்றே புரளுவார், சுழலுவார், பரசூட்டைத் திறக்க மறப்பார். நீங்கள் அவரை எட்டிப் பிடித்து, நிறுத்தி, கை அசைவால் திருத்த வேண்டும். அவர் திறக்காவிட்டால் நீங்களே திறந்துவிட வேண்டும். இதெல்லாம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது. இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே மாணவரைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. விட்டுவிட்டு உங்கள் பரசூட்டைத் திறக்க வேண்டும். மாணவரின் பையில் தானியங்கிக் கருவி ஒன்று இருக்கும். யாரும் திறக்காவிட்டால் அது கடைசி நேரத்தில் ரிசர்வ் பரசூட்டை விடுவிக்கும்.

இந்த விதியை நான் அம்மாவிடம் சொன்ன நாள் நல்ல ஞாபகம்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடின ஆள். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், தாழப் பறக்கிற சத்தம் கேட்டால் பாத்திரம் கழுவுகிற கையை நிறுத்திவிடுவா. அப்படிப்பட்டவவுக்கு மகன் காசு கொடுத்து பிளேனில் ஏறி வெளியே குதிக்கிறான் என்பது எப்படி இருந்திருக்கும்? முதல் ஒரு வருடம் நான் சொல்லவே இல்லை. சொன்ன பிறகு ஒரு கிழமை கதைக்கவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பழகி, "இண்டைக்கு வெளிச்சமா இருக்கு, போகேல்லையோ?" என்று கேட்கிற அளவுக்கு வந்திட்டா.

ஆனால் பயிற்றுநர் ஆகப் போகிறேன் என்று சொன்னதும் முகம் மாறியது. "நீ விழுந்தா எங்கட வேதனை. அது எங்களோட போகும். மற்றவேன்ர பிள்ளையக் கூட்டிக்கொண்டு போய் ஏதும் நடந்தா, அந்தத் தாய்க்கு நீ என்ன சொல்லுவாய்?"

எனக்குக் கோபம் வந்தது. விதிகளையும் கருவியையும் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. கடைசியில், "கருவி பாக்கும், சரி. நீ பாப்பியோ?" என்றா.

இரண்டு மாதம் கழித்து அதற்குப் பதில் கிடைத்தது. அது என்னுடைய 143ஆவது குதிப்பு. என்னோடு குதித்தவள் முப்பது குதிப்பு முடித்த ஒரு மாணவி. 1700 மீட்டரில் நான் கை காட்ட வேண்டும், இருவரும் திரும்பி விலக வேண்டும், 1200இல் திறக்க வேண்டும். இதுதான் திட்டம். அன்றைக்கு என் உடல் நிலை அவ்வளவு நேராக வந்தது. அதை ரசித்துக்கொண்டிருந்தேன். உயரமானியைப் பார்த்தபோது 1400. அவசரமாகக் கை காட்டி விலகினேன். என் பரசூட் திறந்தபோது 900. அவளும் என்னைப் போலவே பிந்தித்தான் திறந்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 300 மீட்டர் என்றால் அந்த வேகத்தில் ஐந்தாறு செக்கன். ஆனால் தரையில் மூத்த பயிற்றுநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "அவள் உயரத்தைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் நீ பெரியவன் என்று நம்பினாள். நீ யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். பிறகு அந்த வார இறுதி முழுக்க என்னைக் குதிக்க விடவில்லை.

திரும்பி வரும்போது ஓல்டன் ஸ்டேஷனில் இறங்கி நெடுநேரம் இருந்தேன். அம்மாவின் கேள்வியும் அவருடைய கேள்வியும் ஒன்றுதான் என்று அப்போது விளங்கியது. எண்களின்படி நான் கோச் பயிற்சிக்குப் போகலாம். வயதும் குதிப்புகளும் இருந்தன. ஆனாலும் அந்த வருடம் விண்ணப்பம் அனுப்பவில்லை.

இப்போது என் குறிப்புப் புத்தகத்தில் 212 இருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு புதியவர்களோடு குதிக்கும்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இறங்கியதும், என்னைப் பற்றி எழுத முதல் மற்றவர் என்ன செய்தார் என்று எழுதுவேன். எந்த உயரத்தில் திரும்பினார், எப்போது உயரமானியைப் பார்த்தார், கால் எப்படி இருந்தது. ஆரம்பத்தில் இரண்டு வரிகூட வராது. இப்போது அரைப் பக்கம் வருகிறது. அடுத்த வசந்த காலத்தில் விண்ணப்பிக்கப் போகிறேன்.

ஆகவே தங்கச்சி, உனக்கு என் பதில் இது. 18 வயது வரைக்கும் உடம்பைப் பார்த்துக்கொள், டொச்சும் இங்கிலீஷும் நன்றாகப் படி. சுவிஸ் குடியுரிமை இருந்தால் விமானப்படையின் 'ஸ்பேர்' திட்டத்தைத் தேடிப் பார். விமானிகளுக்கும் பரசூட் படையினருக்கும் இளம் ஆட்களை அதன் வழியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எண்களை எண்ணத் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. மற்றதை இன்றைக்கே பழகலாம். தம்பிக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கு. அவனைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது நீ எங்கே பார்க்கிறாய் என்று கவனி.

வீட்டில் சொல்லாமல் மட்டும் தொடங்காதே. அந்த ஒரு வருடத்தை நான் அம்மாவுக்கு இன்னும் கடனாக வைத்திருக்கிறேன்.