காசு வந்தால் அக்கறை வருமா?

"வயிறு நிறைஞ்சாதான் பாஸ், ஆறு, மரம் பத்தியெல்லாம் கவலை வரும்!"

ஆபீஸ் டீ பிரேக்கில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். துணைக்கு இந்திரா காந்தியையும் இழுப்பார்கள். 1972-ல் ஸ்டாக்ஹோம் ஐ.நா. மாநாட்டில், வறுமையைப் போக்காமல் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற முடியாது என்றுதான் அவர் வாதிட்டார். ஏழைக்கு அக்கறை இல்லை என்று சொல்லவில்லை.

1992-ல் கேலப் நிறுவனம் இந்தியா உட்பட 24 நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்தியது. ஏழை நாட்டு மக்களின் கவலை பணக்கார நாட்டினருக்குச் சளைத்ததாக இல்லை. சொந்த ஊரின் காற்றும் தண்ணீரும் கெட்டுப்போனதாக அதிகம் சொன்னதே அவர்கள்தான்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. மீனவர்கள் படகில் போய் மக்கிலும் வாளியிலும் அதை அள்ளினார்கள். அந்த வீடியோக்களுக்கு டெஸ்க்கில் உட்கார்ந்து தலைப்பு போட்டுக்கொண்டிருந்தேன். கை, வலை, படகு எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்டி மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆலையை மூடச் சொல்லி நாள்கணக்கில் உட்கார்ந்தவர்கள், கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் குடும்பத்தினர்.

எங்கள் நூம்பல் பக்கமும் கூவம் ஓடுகிறது. சின்ன வயதில் அதில் குளித்த கதையைப் பக்கத்து வீட்டு ஆயா இன்னும் சொல்வார். ஆனால் ஆற்றுக்காக எங்கள் தெருவில் யாரும் மனு எழுதியதாக எனக்கு நினைவில்லை. போர் தண்ணீர் கெட்டதும் கேன் வாங்கினோம். கொசு வந்ததும் ஜன்னலுக்கு வலை அடித்தோம். வெயில் தாங்காமல் தவணையில் ஏ.சி. போட்டோம். சம்பளம் ஏற ஏற ஆற்றை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தது, அவ்வளவுதான். எண்ணூர்க்காரருக்கு அந்த வசதி கிடையாது. கடல் கேனில் வராதே!

பணத்தால் ஆற்றை மீட்கவே முடியாதா என்றால், முடியும். 1957-ல் செத்துப்போனதாக அறிவிக்கப்பட்ட லண்டன் தேம்ஸில் இன்று மீன்கள் இருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்க அவர்கள் கொட்டிய பணம் கொஞ்சமில்லை. ஆனால் அது ஊர் சேர்ந்து செலவழித்த பணம். நாங்கள் வீடு வீடாகத் தனித்தனியே செலவழிக்கிறோம்.

போன மாதம் கேன் போடும் தம்பி விலையை ஐந்து ரூபாய் ஏற்றினார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அரை மணி நேரம் நடந்த பஞ்சாயத்தில் அம்மாதான் முன்னால் நின்றார். கூவத்தின் பெயரை யாரும் எடுக்கவில்லை.