ஹிமெயூரி மாணவியர்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய வரலாற்றைப் படிக்கையில் நாம் கப்பல்களையே எண்ணுகிறோம். 1942-இல் மிட்வே தீவருகே ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. 1945 ஏப்ரல் 7-இல் 'யமாத்தோ' என்னும் மாபெரும் போர்க்கப்பல் ஒக்கினாவாவுக்குச் செல்லும் வழியில் அழிந்தது என்று மனப்பாடம் செய்கிறோம். அந்த ஒக்கினாவாத் தீவில் நம் வயது மாணவியர் என்ன ஆயினர் என்று நாம் கேட்பதுண்டா?

அங்கே மகளிர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும், பெண்கள் உயர்நிலைப் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருந்தன. ஒன்றின் மலருக்கு 'ஷிராயூரி' என்றும், மற்றதன் மலருக்கு 'ஒத்தொஹிமே' என்றும் பெயர். இரண்டும் இணைந்து பிறந்ததே 'ஹிமெயூரி'. ஆம், தோழியரே! நம் கையிலுள்ள இம்மலர் போன்ற பள்ளி மலர்கள் தந்த பெயர் அது!

1945 மார்ச் 23 இரவு, 15 முதல் 19 வயது வரையுள்ள 222 மாணவியரும் 18 ஆசிரியர்களும் இராணுவ மருத்துவமனைப் பணிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். விரைவில் திரும்பிவிடலாம் என்று பாடப் புத்தகங்களை எடுத்துச் சென்றவர்களும் உண்டு. மார்ச் 29 அன்று, குண்டு முழக்கத்தினிடையே மெழுகுவர்த்தி ஒளியில் அவர்களது பள்ளி நிறைவு விழா நடந்தது. ஏப்ரல் 1-இல் அமெரிக்கப் படை கரையிறங்கியது. மருத்துவமனை என்பது குன்றைக் குடைந்த இருட்டுச் சுரங்கமே. அங்கே காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தனர். குண்டு மழையில் நீரும் உணவும் சுமந்தனர்.

ஜூன் 18 இரவு, அவர்களுடைய அணி கலைக்கப்பட்டது. இனி அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! நாற்புறமும் போர், எங்கே செல்வது? சரணடைவது இழிவு, பகைவரிடம் சிக்கினால் கொடுமை என்றே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அதுவரை இறந்தோர் இருபது பேருக்கும் குறைவு. அடுத்த சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மொத்தத்தில் மடிந்தவர்கள் 123 மாணவியரும் 13 ஆசிரியர்களும்.

அவர்கள் கீழ்ப்படிதலில் குறைந்தவர்களல்லர். சொன்னதையெல்லாம் செய்த நல்ல மாணவியர். அதுவே நம் நெஞ்சை உறுத்துகிறது. கீழ்ப்படிதல் நற்பண்புதான்; ஆயினும் கற்பிக்கப்படுவது உண்மைதானா என்று கேட்கும் துணிவும் கல்வியின் பயனன்றோ!

உயிர் பிழைத்தவர்கள் அக்கேள்வியைத் தாமே கேட்டனர். 1989-இல் அவர்களும் பழைய மாணவியரும் சேர்ந்து அமைதி அருங்காட்சியகம் ஒன்றை அங்கே நிறுவினர். இறந்த தோழியரின் படங்களையும் பெயர்களையும் அதில் வைத்தனர். வந்தவர்களிடம் தாம் கண்டதைப் பல்லாண்டுகள் எடுத்துரைத்தனர்.

இனி ஒரு போரைப் பற்றிப் படிக்கும்போது, கப்பல்களை எண்ணியபின் நாம் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். அங்கிருந்த பள்ளிகள் என்ன ஆயின என்றும் கேட்போம்.