பாபிலோனுக்குப் போன கடிதம்

வருஷக் கடைசி ராத்திரி வாட்ச்நைட் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் எரேமியா 29:11 எங்கள் தெருவில் யாராவது ஒருவருக்கு வராத வருஷமே கிடையாது. அட்டையில் வராவிட்டாலும் காலண்டரில் வந்துவிடும், காரின் பின்கண்ணாடியில் வந்துவிடும். தேவன் நம்மைப் பற்றி நினைத்திருப்பது நன்மையைத்தான், கடைசியில் நாம் காத்திருந்தது கிடைக்கும் என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில் அந்த அட்டையைச் செருகி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரியைக் கடந்தவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அதற்கு மேலே உள்ள வசனங்கள். பதினோராம் வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும் அவன் தாயையும் தச்சர் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. யார் கையில் கொடுத்தனுப்பினார் என்பதுகூட எழுதப்பட்டிருக்கிறது: சாப்பானின் மகன் ஒருவன், இல்க்கியாவின் மகன் ஒருவன், வேறொரு ராஜாங்க வேலையாகப் பாபிலோனுக்குப் போனவர்கள். கடிதம் தொடங்குவது ஆறுதலில் இல்லை, வேலையில். வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும். சிறைபிடித்துப் போன அந்தப் பட்டணம் நன்றாக இருக்க ஜெபிக்க வேண்டும். எழுபது வருஷம் ஆன பிறகுதான் திரும்பி வரலாம் என்று பத்தாம் வசனம் சொல்கிறது. அட்டையில் வருகிற வசனம் அதற்கப்புறம்தான்.

எழுபது வருஷம். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எவரும் அதுவரை இருக்கப்போவதில்லை.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள், ஆலயத்துப் பாத்திரங்களும் திரும்பிவிடும் என்று ஜனங்கள் முன்னால் சொல்கிறான். எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிற இடம், அதற்குச் சற்று முன்னால் எரேமியா சொல்லும் பதில். அவர் முதலில் சொல்வது ஆமென். கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்கிறார். அவருக்கும் அதுதான் ஆசை. தன் ஜனம் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று அனனியாவைவிட அவர்தான் அழுதிருப்பார். அப்படிப்பட்டவர் உட்கார்ந்து எழுபது என்று எழுத வேண்டியிருந்தது.

என் பெரியம்மா நாக்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிடுவதாகச் சொல்லித்தான் ரயில் ஏறினாராம். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய பைபிள் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் பதினோராம் வசனத்தின் கீழே கோடு கிடையாது. தோட்டம் போடச் சொல்லும் ஐந்தாம் வசனத்துக்கு எதிரே, ஓரத்தில், பென்சிலில் “முருங்கை வச்சாச்சு” என்று எழுதி, கீழே 71 ஜூலை என்று போட்டிருக்கிறது.

அவர் இருக்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குவார்ட்டர்ஸுக்குப் போன புதிதில் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லையாம். டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் பூட்டியபடியே இருக்கும். தேவையானதை எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டிவிடுவார். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் எப்போது வருகிறாய் என்று முடியும். பெரியம்மா பைபிளை வரிசையாகத்தான் வாசிப்பார். ஆதியாகமத்தில் ஆரம்பித்து, தினம் விட்ட இடத்திலிருந்து. வம்ச அட்டவணைகளைக்கூடத் தள்ளமாட்டார். ஒரு நைட் டூட்டி முடிந்து வந்த காலையில் அவருக்குரிய பங்கு எரேமியாவின் இந்த அதிகாரமாக இருந்தது. அவர் எந்தப் பதிலையும் தேடிப்போகவில்லை; அது அந்த நாளின் பகுதி, அவ்வளவுதான். அடுத்த லீவில் ஊருக்கு வந்தவர், புறவாசல் கிணற்றடி முருங்கையில் ஒரு போத்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் கொண்டுபோய்க் குழாயடியில் நட்டார்.

“எழுபது வருசம்னு போட்டிருக்குல்லா? அது வரைக்கும் பெட்டியப் பூட்டியே வச்சிருந்தா மனுசரு எப்படிவே வாழுறது?” என்றார் என்னிடம்.

முருங்கை பிடித்தது. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் கீரைக்கு வந்தார், அப்புறம் காய்க்கு வந்தார், அப்புறம் சும்மா பேசுவதற்கு வந்தார். பெரியம்மா மராத்தி கற்றுக்கொண்டது அந்த அம்மாளிடம்தான். பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொல்லும் ஏழாம் வசனத்தையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ராத்திரி ஜெபத்தில் நாக்பூரின் தெருக்களைப் பேர் சொல்லிச் சொல்லி ஜெபிப்பார். விடுமுறைக்குப் போயிருந்த சிறுவனான நான் சீதாபர்டி என்ற பெயரை முதலில் கேட்டது கடைத்தெருவில் அல்ல, அந்த ஜெபத்தில்.

வேதத்தில் வழி கேட்பது என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது அகஸ்டின். கி.பி. 386, மிலான் நகரத்து வீட்டுத் தோட்டம். அவர் அழுதுகொண்டிருக்கையில் எடுத்துப் படிக்கச் சொல்லி ஒரு பிள்ளையின் குரல் கேட்கிறது. பவுலின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்டதைப் படிக்கிறார். ரோமர் 13இன் கடைசி வசனங்கள். அதற்குமேல் படிக்கத் தேவையிருக்கவில்லை என்கிறார். பிரசங்கங்களில் கதை இங்கே நின்றுவிடும். அகஸ்டினோ இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறார். கூட இருந்த நண்பர் அலிப்பியுஸ் புத்தகத்தை வாங்கி, அகஸ்டின் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரியைப் படித்தார். விசுவாசத்தில் பலவீனமானவனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வரி அது. இது எனக்கு என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அலிப்பியுஸை மிகவும் பிடிக்கும். நண்பனுக்குக் கிடைத்த வசனத்தை அவர் பங்கு கேட்கவில்லை. ஒரு வரி தள்ளிப் படித்தார், அங்கே அவருக்கானது இருந்தது. பின்னாளில் ஆயரான அகஸ்டின், உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களில் சீட்டுப் பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் நடந்ததை அவர் ஒரு முறையாக யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.

சீட்டு எடுக்கும் வழக்கத்தை நான் தள்ளிவிடவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியச் சபையார் சீட்டில் எடுத்த தினவசனங்களை 1731 முதல் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள். எத்தனையோ பேர் அதில் நாளைத் தொடங்குகிறார்கள். அட்டை ஒரு கதவு என்றால் உள்ளே போக வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். எரேமியாவின் ஆறுதலை எடுத்துக்கொண்டு எழுபது வருஷத்தைச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கே விட்டுவிட முடியாது. கடிதம் நமக்கும் எழுதப்பட்டது என்று நம்பினால், முருங்கை நடுகிற வேலையும் நமக்கு எழுதப்பட்டதுதான்.

அந்தக் கடிதத்துக்கு அன்றே எதிர்ப்பு வந்தது. பாபிலோனிலிருந்த செமாயா என்பவன், இவ்வளவு காலம் ஆகும் என்று எழுதிய ஆளை ஏன் கண்டிக்கவில்லை என்று எருசலேம் ஆசாரியனுக்குக் கடிதம் போட்டான். ஆனால் கீழ்ப்படிந்தவர்களும் இருந்திருக்க வேண்டும். பாபிலோனியாவில் யூதர்கள் குடியிருந்த அல்-யாகூது என்ற ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட களிமண் பலகைகளை லாரி பியர்ஸும் கொர்னேலியா வுன்ஷும் 2014இல் பதிப்பித்தார்கள். கி.மு. 572 முதல் 477 வரையிலானவை. ஆப்பெழுத்தில் வெறும் கணக்கு வழக்கு: நிலக் குத்தகை, பார்லி பாக்கி, பேரீச்சை, கடன். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்நிய மண்ணில் அவர்கள் பேரீச்சை பயிரிட்டிருக்கிறார்கள்.

எரேமியாவின் இந்த எழுபதை உட்கார்ந்து படித்த ஒரு வாசகரை வேதமே நமக்குக் காட்டுகிறது. தானியேல் ஒன்பதாம் அதிகாரம். சின்ன வயதில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கேயே ராஜாக்களுக்கு ஊழியம் செய்து கிழவரானவர், எரேமியாவின் புத்தகத்தை வைத்துக்கொண்டு வருஷங்களை எண்ணுகிறார். எழுபது முடியப்போகிறது என்று தெரிகிறது. அவர் உடனே பயணத்துக்கு ஆயத்தமாகவில்லை. உபவாசமிருந்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, தன் பாவத்தையும் தன் ஜனத்தின் பாவத்தையும் அறிக்கையிட்டு ஜெபிக்கிறார். நீண்ட ஜெபம், பாதி அதிகாரத்துக்கு மேல் போகிறது. அவர் எருசலேமுக்குத் திரும்பியதாக அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.