நோய்க்குறிப்பும் உப்பளத்தாரும்

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனுடைய அப்பட்டினம், இன்று விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுவைக்கும் இடையே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளங்கள் சூழ்ந்த ஓர் ஊராக இருக்கின்றது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் உமணரைப் பற்றிப் படிக்குந்தோறும் என் நினைவில் எழுவோர் உப்பேற்றிய வண்டியோடு சென்ற அப்பழைய வணிகரல்லர். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயிலேறுமுன் உப்பு வாரி வரப்பிற் குவிக்கும் என் அன்னையாரும் அவருடன் உழைக்கும் பெண்டிருமே ஆவர். அவர்தம் பாதவெடிப்பு ஆறுவதில்லை. வெண்பரப்பின் கூச்சத்தாற் கண்கள் நொந்து போகின்றன. ஆதலின் மருத்துவமனைக்குச் செல்லுதல் அவர்க்கு அரிய நிகழ்ச்சியன்று. சென்றவிடத்தெல்லாம் பெயரும் வயதும் கைப்பேசி எண்ணும் ஆதார் எண்ணும் நோயும் எழுதிக்கொள்ளப்படுகின்றன. முன்னர்த் தடித்த பேரேட்டில் எழுதப்பட்டவை இப்பொழுது கணினியில் ஏறுகின்றன. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தினால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாயிலிலேயே பார்க்கப்படுகின்றன. நல்ல திட்டம், அதனைக் குறைகூறல் என் கருத்தன்று. எழுதிக்கொண்ட குறிப்பு எங்கே போகின்றது? அது கள்வர் கையிற் பட்டால் உப்பளத்துப் பெண்ணொருத்தி யாரிடம் முறையிடலாம்? இவ்விரு வினாக்களே என்னை இவ்வியாசத்தை எழுதுவித்தன.

எங்கள் தெருவில் யான் அக்காள் என்றழைக்கும் ஒருத்தி இருக்கின்றாள். அவளுக்கு மகன் பிறந்து மூன்று வாரமிருக்கும். கைப்பேசியில் ஒருவன் அழைத்தான். “அம்மா, ஆண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு, செவ்வாய்க்கிழமை இரவு பிறந்தது, சரிதானே? உங்களுக்கு மகப்பேற்று உதவித்தொகை வந்திருக்கிறது” என்றான். குழந்தையின் எடை மருத்துவமனையாரையன்றி வேறு யாருக்குத் தெரியும்? ஆகவே அவள் நம்பினாள். அவன் அனுப்பிய கட்டத்தைத் தொட்டு, இரகசிய எண்ணையும் இட்டாள். வங்கிக் கணக்கிலிருந்த நாலாயிரத்து இருநூறு ரூபாயும் போயிற்று. அது ஏறத்தாழப் பேறுகாலத்துக்கென்று அவள் சேர்த்துவைத்த பணம் முழுவதும் ஆகும். குறிப்பு எவ்விடத்திலிருந்து கசிந்ததென்று இன்றுவரை ஒருவர்க்கும் தெரியாது. ஆயினும் பணம் போனதினும், முன்பின் அறியாத ஆடவனொருவன் தன் பிள்ளைப்பேற்றை நாளும் பொழுதும் குறித்துச் சொல்லியதே அவளை மிக வாட்டிற்று. “அவனுக்கு இன்னும் என்னென்ன தெரியுமோ, தம்பி?” என்று அவள் கேட்டபோது யான் விடை கூறக்கூடவில்லை.

அவள் ஒருத்திக்கே நேர்ந்த தீங்கு இஃதென்று எண்ணவேண்டா. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளுட் கள்வர் புகுந்தனர்; நாட்கணக்காகச் சீட்டெழுதுதல் முதலிய யாவும் கையாலேயே நடைபெற்றன. அதனையடுத்த திங்களில், திருப்பூர் ஸ்ரீ சரண் மருத்துவ மையத்தினுடையன என்று சொல்லப்பட்ட ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரங்கள் இணையத்தில் விலைக்கு வந்தன என்று கிளவுட்செக் என்னும் நிறுவனம் அறிவித்தது. ஒரு படியின் விலை நூறு டாலர். அஃது அன்றைய மதிப்பில் எண்ணாயிரம் ரூபாய்க்குச் சற்று மேற்படும். யான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒருவர் நோய்க்கு ஐந்து காசு வீழ்கின்றது. அவ்விலைக்கு ஒரு கிலோ உப்பும் எங்கள் அளத்திற் கிடையாது.

இவை யாவற்றினும் பெரிது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்துக்கு 2024-இல் நேர்ந்தது. மூன்று கோடியே பத்து லட்சம் பேரின் விவரங்கள் தன்னிடம் உள்ளன என்று கூறிக்கொண்ட ஒருவன், டெலிகிராமில் தானே விடையிறுக்கும் நிரல்களை அமைத்து, கேட்போர்க்கெல்லாம் அவற்றை வழங்கினான். பெயர், முகவரி, அடையாளச் சீட்டின் நகல், இரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவர் கண்ட நோய் ஆகியன அங்கே கிடந்தமையை அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. பரந்த அளவிற் கேடொன்றும் நிகழவில்லை என்று முதலிற் கூறிய அந்நிறுவனம், அக்டோபர் மாதத்தில், தன் தரவுகளிற் சில முறைகேடாக அணுகப்பட்டன என ஒப்புக்கொண்டது. கள்வன் அறுபத்தெண்ணாயிரம் டாலர் கேட்டானென்றும் தெரிவித்தது. டெலிகிராமின்மேலும் அக்கள்வன்மேலும் அது தொடுத்த வழக்கிற் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கிற்று. வழக்காடியது நிறுவனம், தடை பெற்றதும் நிறுவனம். நோயாளரோ வழக்கிற்குப் புறத்தே நின்றனர். அந்நிலையே என்னைச் சட்ட நூல்களைப் புரட்டச் செய்தது. சட்டம் பயிலும் நண்பரொருவர் அருகிலிருந்து விளக்காவிடின் பாதியும் எனக்கு விளங்கியிராது.

மறை காத்தல் ஒவ்வொருவர்க்கும் உரிய அடிப்படை உரிமை என்று, புட்டசாமி வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்கு முன்பே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43அ என்னும் பிரிவு இருந்தது. மருத்துவக் குறிப்பை அசட்டையாக வைத்திருந்து அதனாற் பிறர்க்கு இழப்பு விளைவிக்கும் நிறுவனம் ஈடு செய்தல் வேண்டுமென்பது அதன் கருத்து. ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிப்பார். இஃது ஏட்டளவில் நின்ற வழியன்று. 2010-இல் தமிழ்நாட்டுச் செயலர், கள்வரின் போலி மின்னஞ்சலாற் பணம் இழந்த வாடிக்கையாளரொருவர்க்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொகை கொடுக்குமாறு இச்சட்டத்தின்கீழ் ஆணையிட்டார்.

இப்பொழுது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பகுதி பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமென்று அவை கூறுகின்றன. குறிப்பு கசிந்தால் அதனை வைத்திருந்தவர், அதற்கென அமைந்த வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவர்க்கும் அறிவித்தல் வேண்டும். காவாதவர்க்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரையிற் செல்லும். இதுகாறும் நன்று. ஆனால் அவ்வபராதம் இந்தியத் தொகுப்பு நிதியைச் சேரும். நோயாளிக்கு அதில் ஒரு காசும் இல்லை. ஈடு தரும் பழைய 43அ பிரிவையும் இப்புதிய சட்டமே நீக்கிவிடுகின்றது. பொய்யாகவோ அற்பமாகவோ முறையிட்டால் முறையிட்டவர்க்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வரப்பு உடைந்து விளைந்த உப்பு கரைந்தால், அளத்தின் உரிமையாளரிடம் சர்க்கார் தண்டம் பெற்றுக்கொண்டு, உப்பு வாரினவளை வெறுங்கையுடன் அனுப்புவதனையொக்கும் இது. சட்டம் இயற்றியோர்க்கு வேறு காரணங்கள் இருக்கலாம். எனக்கு அவை புலனாகவில்லை.

நுகர்வோர் சட்டமொன்றுண்டே எனின், உண்டு. நம்பிச் சொன்ன தனிச்செய்தியைப் பிறர்க்கு வெளியிடுதல் முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் சட்டம் சொல்லுகின்றது. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குட்பட்டதாயின் மாவட்ட ஆணையத்திற் கட்டணமுமில்லை. ஆயின் இங்கேதான் எம்மவர்க்கு இடர்ப்பாடு. எல்லார்க்கும் இலவசமாக மருத்துவம் செய்யும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குப் புறம்பானதென்று, 1995-இல், சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. 43அ பிரிவும் வணிகமோ தொழிலோ நடத்தும் நிறுவனங்களையே குறிக்கும். பணம் கொடுத்துத் தனியார் மருத்துவமனையிற் படுத்தவர்க்கு இரண்டு கதவுகள் திறந்திருக்க, அரசு மருத்துவமனையிற் பிள்ளை பெற்ற அக்காளுக்கு இரண்டும் அடைபட்டன. காப்பீட்டு நிறுவனம் பணம் செலுத்தினால் நோயாளி நுகர்வோரே என்று அத்தீர்ப்பே கூறுவதால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையுடன் தனியார் மருத்துவமனைக்குச் செல்பவர் வழக்காட இடமுண்டு என்பது என் நண்பர் கருத்து.

அரசு மருத்துவமனையினின்று கசிந்ததென்று காட்டக்கூடின், எஞ்சியிருப்பது அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அடிப்படை உரிமை மீறப்பட்டமைக்கு அதில் ஈட்டுத்தொகையும் கோரலாம். சென்னைக்குச் செல்லவும் வழக்கறிஞரை அமர்த்தவும் பொருளுக்கு எங்கே போவது என்று யான் மலைத்தேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்டிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியராவர் என்பதனை அப்பொழுதுதான் அறிந்தேன். 15100 என்னும் எண்ணில் வழி கேட்கலாம். பணம் களவு போயிருப்பின் முதலில் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அறிவித்தல் வேண்டும். எவ்வளவு விரைந்து சொல்கின்றோமோ அவ்வளவுக்குப் பணம் வேறு கணக்குகளுக்கு ஓடுமுன் தடுக்கப்பெறும்.

அக்காள் மறுநாட் காலையிலேதான் அவ்வெண்ணுக்குச் சொன்னாள், பணம் திரும்பவில்லை. முறையீட்டின் ஒப்புகை எண்ணையும், அவன் அழைத்த எண்ணையும் நேரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் யான் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். தன் விவரம் யாருக்கெல்லாம் கொடுக்கப்பட்டது என்று வினவும் விண்ணப்பமொன்றையும் எழுதியிருக்கின்றோம், இன்னும் அனுப்பவில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் காண விழுப்புரம் போய்வருவதென்றால் ஒருநாட் கூலி போகும். மழை தொடங்கி அளத்தில் வேலை நின்றபின் போகலாமென்கின்றாள்.