யன்னலைத் திறந்த மாணவன்

2019ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையிலே மாணவர் ஐவரை அழைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குச் சென்றிருந்தோம். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எம் உடம்புக்கு அம்மலைக்குளிர் ஒத்துவரவில்லை. நாம் தங்கிய சிறு விடுதியின் பணியாளர் இரக்கமுற்று, கரித்தணல் நிறைந்த இரும்புச் சட்டியொன்றை அறைக்குள் வைத்துச் சென்றார். புகையே இல்லை, இதமான வெம்மை. யன்னல்களை நாமே இறுகச் சாத்தினோம்.

நள்ளிரவில் ஒரு மாணவன் எழுந்தான். “சேர், தலையிடிக்குது. யன்னலைத் திறக்கட்டோ?”

“குளிர் வரும், பேசாமல் படும்” என்றோம். மலைப்பாதை வளைவுகளே தலையிடிக்குக் காரணமென்பது எம் தீர்ப்பு. சற்று நேரத்தில் அவன் யன்னலுக்கு ஓடி, அதைத் திறந்து வாந்தியெடுத்தான். பின்னர் அதனைச் சாத்த மறந்துவிட்டான். காலையில் எம் எல்லோருக்கும் தலை கனத்தது. பழியை முதல்நாள் இரவு உண்ட கொத்துரொட்டியின் மேற் போட்டோம்.

மறு மாதம், 2020 தையில், நேபாளத்துத் தாமன் என்னும் மலையூரின் விடுதியொன்றில், கேரளத்திலிருந்து சென்ற எண்மர் ஓரறையில் மாண்ட செய்தி வந்தது. அவர்களுள் நால்வர் குழந்தைகள். வாயு வெப்பமூட்டியை எரியவிட்டுக் கதவு யன்னல்களை அடைத்து உறங்கினராம். செய்தித்தாள் எம் கையில் நடுங்கியது.

நாம் கற்பிப்பது இரசாயனவியல் என்பதை இங்கே நாணத்துடன் சொல்லவேண்டும். காற்றுப் போதாமல் எரியும் கரி காபனோரொட்சைட்டைத் தரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாய்ப் பிணையும். எத்தனை ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதினோம்! தணற்சட்டியின் அருகே படுத்தபோது ஒரெழுத்தும் நினைவுக்கு வரவில்லை. வந்திருப்பினும், உறங்குபவனை எழுப்பும் ஆற்றல் அறிவுக்கு ஏது?

அதற்கென்றே உள்ளங்கையளவான எச்சரிக்கைக் கருவியொன்று உண்டு. காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு 400 பங்கு இருப்பின், 15 நிமிடத்துக்குள் அது அலறவேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. புகையை அறியும் கருவி வேறு. அது இதை உணராது. அடுப்போ மின்பிறப்பாக்கியோ அருகில் இயங்கும் எந்தத் தங்கறையிலும் இது இருக்கவேண்டுமெனச் சட்டம் கட்டாயப்படுத்துவதே முறை. விலை மிகப் பெரிதன்று. ஓரறையின் சில நாள் வாடகையில் அடங்கிவிடும்.

இப்போதெல்லாம் அறை எடுக்குமுன் அதைப்பற்றிக் கேட்கிறோம். அண்மையில் ஒரு முகாமையாளர் சிரித்தார்:

“அலாரமோ? இங்க கள்ளர் பயம் இல்லை, சேர்.”

எம் பையிலிருந்த கருவியை எடுத்துக் கட்டிலருகே வைத்துக்கொண்டோம்.